பள்ளி மூடிய ஒரு ஏக்கர் நாற்பது சென்டில் ஏழைகளுக்கு வீடு கட்டலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். உங்கள் தாத்தாவும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய அறக்கட்டளைக்கு, திருமங்கலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம் இருக்கிறது. அதில் நடந்த தொடக்கப்பள்ளி, பிள்ளைகள் வராமல் போய் மூடப்பட்டுவிட்டது. இப்போது அங்கே இருப்பது ஓடு சரிந்த இரண்டு வகுப்பறை, ஒரு கிணறு, மீதியெல்லாம் சீமைக் கருவேலம். கலிஃபோர்னியாவில் தேவாலயங்கள் தங்கள் காலி இடங்களில் எளியவர்களுக்கு வீடு கட்டுகின்றன என்று படித்துவிட்டு, நாமும் அறுபது வீடு கட்டலாமே என்று கூட்டத்தில் பேசி, ஒருவரிடம் வரைபடமும் போடச் சொல்லிவிட்டீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: 'வாங்கியவர்கள் விற்றுவிட்டால் என்ன செய்வது என்று ஓர் அறங்காவலர் மட்டும் முட்டுக்கட்டை போடுகிறார்.' அந்த அறங்காவலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையான கேள்வியை அவர்தான் கேட்டிருக்கிறார். நிலம் இலவசமாக இருந்தால் வீடு மலிவாகிவிடுமா, மலிவாகக் கொடுத்த வீடு இருபது ஆண்டுக்குப் பிறகும் மலிவாகவே இருக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வரைபடம் போடுவது, பெண் பார்க்காமல் பந்தல் போடுவது போல.

நான் கட்டடப் பொறியாளர். இருபத்தெட்டு ஆண்டுகள் மதுரை, மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் தொண்டு நிறுவனங்களுக்கும் சில ஊர் உறவின்முறைகளுக்கும் குடியிருப்புகள் கட்டித் தந்திருக்கிறேன். அதில் பாதி நாள் கொத்தனாரோடு நின்றேன், பாதி நாள் தாலுகா அலுவலக வராந்தாவில் நின்றேன். நான் வழக்கறிஞர் அல்லன்; வருமான வரியும் என் துறை அல்ல. உங்கள் இடத்தை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே எதை அடித்துச் சொல்கிறேன், எதை அனுபவத்தில் ஊகித்துச் சொல்கிறேன் என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் வரைபடத்தைச் சுருட்டி வையுங்கள். நிலத்தை அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை எடுங்கள். அதில் 'எதற்காக' என்று ஒரு வரி இருக்கும். 'பொதுத் தருமத்துக்கு' என்று இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 'இந்தக் கிராமத்துப் பிள்ளைகளின் கல்விக்காக' என்று இருந்தால், அறங்காவலர்கள் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் அங்கே வீடு கட்ட முடியாது. இது உறுதி. பொது அறக்கட்டளையின் நோக்கத்தை அறங்காவலர்கள் தாங்களாக மாற்ற முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு இதற்கொரு வழி வைத்திருக்கிறது: முதலில் சொன்ன நோக்கம் நிறைவேற இயலாமல் போய்விட்டது என்று நீதிமன்றத்துக்கு எடுத்துக்காட்டி, அதற்கு நெருக்கமான வேறு நோக்கத்துக்குச் சொத்தைப் பயன்படுத்த உத்தரவு பெறலாம். பிள்ளைகள் இல்லாமல் பள்ளி மூடியது உங்களுக்குச் சாதகமான வாதம். கல்விக்கு நெருங்கியது ஏழைகளின் குடியிருப்பா, பயிற்சி நிலையமா, மாணவர் விடுதியா என்பது நீதிபதியின் பார்வையைப் பொறுத்தது. இதில் யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். நான் உடனிருந்து பார்த்த ஒரு வழக்கு நான்கு ஆண்டு எடுத்தது. அதுவரை கருவேலம் வளர்ந்துகொண்டே இருக்கும், வேறென்ன செய்ய.

'பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது' என்று நம்பிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். பட்டா வேண்டும்தான், ஆனால் பட்டா மட்டும் போதாது. அந்த நிலம் உங்கள் தாத்தாவுக்கு எப்படி வந்தது என்பது தெரிய வேண்டும். எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று வருவாய்த்துறை எழுதி வைத்திருக்கும் பழைய அ-பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். பள்ளி நடத்துவதற்கென்று அரசு ஒப்படை செய்த நிலமாக இருந்தால், பள்ளி நின்றதும் நிபந்தனை மீறப்பட்டது என்று அரசே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கோயில் இனாமாக இருந்தால், 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. பஞ்சமி நிலமாக இருந்தால், அது பட்டியல் சாதியினருக்கென்று கொடுக்கப்பட்டது. வேறு யார் கைக்கும் மாற முடியாது. மதுரையைச் சுற்றிச் சும்மா கிடக்கும் நிலங்களில் பல ஏன் சும்மா கிடக்கின்றன என்றால், இந்த மாதிரி ஏதோ ஒன்று உள்ளே முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. வில்லங்கமில்லாத நல்ல இடமாக இருந்தால் இந்த ஊரில் இந்நேரம் யாராவது கல் ஊன்றியிருப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒத்தக்கடைக்கு அந்தப்புறம் ஓர் அறக்கட்டளையின் இரண்டு ஏக்கர். பத்திரம் சுத்தம், பட்டா சுத்தம். நாற்பத்தெட்டு வீட்டுக்கு வரைபடம் போட்டு, அஸ்திவாரக் கோடு கிழிக்க நூலும் சுண்ணாம்புமாக நிற்கிறோம். வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அந்த ஊர் நீர்ப்பாய்ச்சியாக, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திருப்பிவிடுபவராக இருந்தவர், கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, நாங்கள் நான்காவது பிளாக்குக்குக் குறித்த இடத்தில் காலால் ஒரு கோடு கிழித்தார். மேலக் கண்மாய் நிரம்பி மறுகால் போனால் உபரித் தண்ணீர் இந்த வழியாகத்தான் கீழக் கண்மாய்க்குப் போகும் என்றார். நான் சர்வே எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை விரித்தேன். இரண்டு சர்வே எண்களுக்கு நடுவே நகக்கண் அகலத்துக்கு ஒரு பட்டை ஓடியது. அதை வண்டிப்பாதை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அ-பதிவேட்டில் பார்த்தால் 'ஓடை புறம்போக்கு'. எட்டு வீட்டை எடுத்துவிட்டு மீண்டும் வரைந்தோம். அந்த ஐப்பசியில் போய் நின்றேன். பெரியவர் காலால் கிழித்த கோட்டிலேயே முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடியது. இப்போதெல்லாம் எந்த நிலத்துக்குப் போனாலும் சர்வேயரைத் தேடுவதற்கு முன் நீர்ப்பாய்ச்சியைத் தேடுகிறேன்.

மதுரைக்காரருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இந்த நகரமே கண்மாய்களின் மேலும் அவற்றின் வாய்க்கால்களின் மேலும் பரவிய நகரம். 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேர மழைக்குச் செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். பந்தல்குடி வாய்க்காலுக்குத் தன் பழைய வழி நினைவில் இருந்தது. அன்று தண்ணீரில் நின்றவர்களில் பெரும்பாலோர், நீங்கள் யாருக்கு வீடு கட்ட நினைக்கிறீர்களோ அப்படிப்பட்டவர்கள்தான். உங்கள் நிலம் ஏதாவது கண்மாயின் தண்ணீர் பாயும் ஆயக்கட்டிலோ, மறுகால் வழியிலோ இருந்தால், பட்டா இருந்தாலும் கட்டாதீர்கள். சட்டம் விட்டுவிட்டாலும் தண்ணீர் விடாது.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. திருமங்கலம் பக்கம் கரிசல். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சாதாரணமாக வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கருங்கல் போட்டுக் கட்டினால் மூன்றாம் ஆண்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் இறங்கும். கரிசல் ஆழமாக இருந்தால், அடிப்பகுதி குமிழ் போல் விரிந்த துளைத்தூண் அஸ்திவாரம் தேவைப்படும், செலவு கூடும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் கட்டிய நண்பரின் செலவுக் கணக்கை அப்படியே உங்கள் இடத்துக்கு எடுத்துவராதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். மொத்தச் செலவில் அது தூசு.

திட்ட அனுமதி பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. நிலம் முழுமைத் திட்டத்தில் என்ன வகையில் இருக்கிறது என்று பாருங்கள். 'கல்வி' என்றோ 'விவசாயம்' என்றோ இருந்தால் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். உங்கள் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் ஏறத்தாழ 5,660 சதுர மீட்டர். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டரைத் தாண்டிய இடத்தில் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். உங்கள் அளவுள்ள இடத்துக்கு அதற்குப் பதில் பணம் கட்டவும் விதி இடம் தருகிறது. நான் சொல்வது, பணம் கட்டாதீர்கள், இடத்தையே விடுங்கள். அந்தக் கிணறும் அதைச் சுற்றியுள்ள இடமும் அதற்குச் சரியாக வரும்.

இனி பணம். நிலம் இலவசம், ஆகவே வீடு மலிவு என்பது கூட்டங்களில் கைதட்டு வாங்கும் வாதம். பேனாவை எடுத்தால் கதை வேறு. அரசுத் திட்டங்களில் ஏழைக் குடும்பத்துக்கான வீடு என்பது சுவருக்குள் 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடி. சுவர், படி, நடைபாதை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 450 சதுர அடி கட்ட வேண்டியிருக்கும். தரைத்தளமும் மேலே இரண்டு தளமும், லிஃப்ட் இல்லாமல், சிக்கனமாகக் கட்டினால் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது என் கைக்கணக்கு. சிமெண்டும் கம்பியும் விலை ஏறினால் மாறும். வீட்டுக்கு 9 லட்சத்து 90 ஆயிரம். தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர், டிரான்ஸ்ஃபார்மர், உள்சாலை, கட்டணங்கள் எல்லாம் வீட்டுக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாது. ஆக ஏறத்தாழ 11 லட்சம். நிலத்துக்கு ஒரு பைசா போடாமல் 11 லட்சம்.

அந்தப் பக்கம் குடும்பத்தைப் பாருங்கள். அவர் லாரி செட்டில் சுமை தூக்குகிறார், அவர் மனைவி ஜவுளிக்கடையில் நிற்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 20,000. வீட்டுக்கென்று 5,000-க்கு மேல் போனால் ஒரு காய்ச்சல் வந்தாலே தவணை நிற்கும். மாதம் 5,000 ரூபாய் தவணை, ஒன்பது விழுக்காடு வட்டி, இருபது ஆண்டு என்று போட்டால் தாங்கும் கடன் ஐந்தரை லட்சம். மீதி ஐந்தரை லட்சம் எங்கிருந்து வரும்? 2024-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள, நாட்டில் எங்குமே சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பத்துக்கு ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து இரண்டரை லட்சம் வரை கொடுக்கலாம். அது கிடைத்தால் பற்றாக்குறைப் பள்ளம் வீட்டுக்கு 3 லட்சமாகக் குறையும். அறுபது வீட்டுக்கு ஒரு கோடியே எண்பது லட்சம். மானியம் கிடைக்காவிட்டால் மூன்று கோடியே முப்பது லட்சம். உங்கள் அறக்கட்டளையிடம் இருப்பதாக நீங்கள் சொல்லும் நாற்பது லட்சத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மானியத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 2015-இல் வந்த முதல் கட்டத்தில், கூட்டு முயற்சியில் கட்டும் குடியிருப்பில் 250 வீடாவது இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. மாநில அரசு கேட்டால் மட்டும் தளர்த்தலாம். விதிகள் எப்போதும் பெரிய ஆட்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. சின்ன அறக்கட்டளை தனியாக டெல்லிக்கு மனுப் போட்டுப் பயனில்லை. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வழியாகத்தான் போக வேண்டும். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய அதே வாரியம்தான். அங்கே போய்ப் பேசுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதியை நம்பிக் கம்பி வாங்கிப் போட்ட ஓர் அறக்கட்டளையை எனக்குத் தெரியும். அந்தக் கம்பி துருப்பிடித்து எடைக்குப் போனது.

கலிஃபோர்னியாச் செய்திக்கு வருகிறேன். செய்தி உண்மைதான். 2023-இல் நிறைவேற்றி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. வழிபாட்டு நிறுவனங்களும் லாப நோக்கற்ற கல்லூரிகளும் தங்கள் நிலத்தில் எளியவர்களுக்கு வீடு கட்டினால், நில வகை மாற்றத்துக்காக வாசல் வாசலாக அலைய வேண்டியதில்லை என்று வழி திறந்துவிட்டது. ஆனால் அங்கே தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டுவதற்குப் பின்னால் 1986 முதல் இருக்கும் ஒரு வரிச்சலுகை இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் வரியைக் குறைத்துக்கொள்வதற்காக இந்தக் குடியிருப்புகளில் பணம் போடுகின்றன. கட்டுமானச் செலவில் பெரும் பகுதி அந்த ஊற்றிலிருந்து வருகிறது. நமக்கு அந்த ஊற்று இல்லை. அந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: வாடகை வீடானால் 55 ஆண்டு, விற்கும் வீடானால் 45 ஆண்டு, எளியவர்களுக்கு எட்டும் விலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று கட்டும்போதே எழுதிக்கொடுக்க வேண்டும். உங்கள் முட்டுக்கட்டை அறங்காவலர் கேட்டதற்கு அங்கே சட்டத்திலேயே பதில் எழுதிவிட்டார்கள். இங்கே நீங்களாகத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்படி எழுதுவது? இந்தப் பதிலில் ஒரு பத்தியை மட்டும்தான் உங்கள் கூட்டத்தில் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். தமிழ்நாட்டில் அடுக்குவீடு விற்கும் வழக்கமான முறை, நிலத்தில் பிரிக்கப்படாத பாகத்தை வாங்குபவர் பெயருக்குக் கிரயம் செய்துவிடுவது. அப்படிச் செய்த நிமிடம் நிலம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். 'பதினைந்து ஆண்டு விற்கக் கூடாது', 'ஏழைக்கு மட்டுமே விற்க வேண்டும்' என்றெல்லாம் கிரயப் பத்திரத்தில் நிபந்தனை எழுதலாமே என்பீர்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 10-ஆவது பிரிவு: சொத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் அதை வேறு யாருக்கும் மாற்றவே கூடாது என்று போடும் முழுத் தடை செல்லாது. அதே பிரிவு ஒரு விலக்கு கொடுக்கிறது: குத்தகையில், நிலத்துக்காரரின் நன்மைக்காகப் போடும் நிபந்தனை செல்லும். ஆகவே நிலத்தை விற்காதீர்கள். அறக்கட்டளையின் பெயரிலேயே வைத்துக்கொண்டு, வீட்டை நீண்டகாலக் குத்தகையில் கொடுங்கள்; வெளியேற விரும்பினால் அறக்கட்டளையிடமே, முன்கூட்டி எழுதிய கணக்கின்படி வரும் விலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். முழுத் தடை போடாமல் 'முதலில் எங்களிடம் கேட்க வேண்டும்' என்று கிரயத்திலேயே எழுதினால் நிற்குமா என்றால், நீதிமன்றங்களில் இரண்டு விதமாகவும் வாதம் நடக்கிறது. அதை நம்பி நான் இறங்க மாட்டேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கட்டிய ஒரு குடியிருப்பில் முப்பத்தாறு வீடுகளையும் நல்ல மனத்தோடு கிரயம் செய்து கொடுத்தோம். சாவி கொடுத்த அன்று பூவும் பொட்டுமாக ஒரே கூட்டம். ஏழு ஆண்டு கழித்து, கழிவுநீர்த் தொட்டி நிரம்புகிறது என்று கூப்பிட்டார்கள், போனேன். பதினான்கு வீட்டில் முகம் தெரியாதவர்கள். ஐந்து பேர் விலைக்கு வாங்கியிருந்தார்கள். ஒன்பது பேர் ஒத்திக்கு வந்தவர்கள். மகள் கல்யாணத்துக்கு இரண்டு லட்சத்துக்கு வீட்டை ஒத்தி வைத்துவிட்டு, எங்களிடம் சாவி வாங்கிய ஓர் அம்மா பழைய தெருவிலேயே ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். இதில் அவர் மேல் என்ன குற்றம்? கையில் இருந்த ஒரே சொத்து அதுதான், அவசரத்துக்கு அதைத்தான் தொட முடியும். வீட்டை மட்டும் யோசித்துக் கல்யாணச் செலவை யோசிக்காமல் விட்டது நாங்கள். குத்தகை முறையில் போனால், அவசரத்துக்குக் கைமாற்றாக எடுக்க ஒரு பொதுநிதியையும் சேர்த்தே வையுங்கள். இல்லையென்றால் பத்திரத்தில் என்ன எழுதினாலும் பின்வாசல் வழியாக ஒத்தி நடக்கும்.

நிலத்தை அறக்கட்டளை வைத்துக்கொண்டு வீட்டைக் குத்தகைக்குக் கொடுக்கும் இந்த முறைக்கு வெளிநாட்டில் சமுதாய நில அறக்கட்டளை என்று பெயர். அமெரிக்காவில் அதற்கு முன்னோடி, 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய ஒரு பண்ணை. அதைத் தொடங்கியவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டவற்றில் ஒன்று, வினோபா பாவே 1951-இல் தொடங்கிய பூதானத்திலிருந்து கிளைத்த கிராமதானம்: நிலம் ஊர்ப் பொது, உழுகிற உரிமை குடும்பத்துக்கு. பழைய மதுரை மாவட்டத்திலும் கிராமதான ஊர்கள் இருந்தன. நம் வீட்டுப் பரணில் கிடந்த பாத்திரத்தைத் துலக்கிக் காட்டி நமக்கே செய்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் வேறு மாதிரி முன்னோடியும் உண்டு. உங்கள் இடத்துக்குப் போகும் வழியில்தான் ஹார்விபட்டி இருக்கிறது, மில் தொழிலாளிகளுக்காக அமைத்த குடியிருப்பு. ஒரு நாள் இறங்கி, இன்று ஒரு மில் தொழிலாளியின் சம்பளத்தில் அங்கே வீடு வாங்க முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

குத்தகை முறையிலும் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. நிலம் தன் பெயரில் இல்லாத குடும்பத்துக்கு வங்கி எளிதில் வீட்டுக் கடன் கொடுக்காது. நான் ஏறி இறங்கிய கிளைகளில் மேலாளர்கள் காப்பி கொடுத்தார்கள், கடன் கொடுக்கவில்லை. குத்தகை வீட்டுக்கு அரசு மானியம் பொருந்துமா என்பதையும் வாரியத்தில் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். கடன் கிடைக்கவே இல்லை என்றால் ஒரே வழி, அறக்கட்டளையே கடன் வாங்கிக் கட்டி, வாடகைக்கு விடுவது. மத்தியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகைக் குடியிருப்புக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். வாடகை என்றால், இருபது ஆண்டுக்கு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி யார் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்துவிட்டு இறங்குங்கள். அறங்காவலர்களின் சராசரி வயது அறுபத்தெட்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

யாருக்குக் கட்டுகிறோம் என்பதையும் 'பயனாளி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடாதீர்கள். மதுரையில் பல ஏழைக் குடும்பங்களுக்கு வீடுதான் பட்டறை. அப்பளம் போடுகிறவருக்கு வெயில் விழும் மொட்டைமாடி வேண்டும். பூக் கட்டுகிறவருக்கு விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்வரப் பஸ் வேண்டும். நாங்கள் கட்டிய ஒரு குடியிருப்பில் மூன்றாம் தளத்தில் இருந்த ஓர் அக்கா, மாலையில் தள்ளுவண்டியில் பணியாரம் சுட்டு விற்பவர். வண்டி நிறுத்த நாங்கள் இடமே விடவில்லை. இரவு பத்து மணிக்கு வந்து, வண்டியை விளக்குக் கம்பத்தில் இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, அடுப்பையும் குழிச்சட்டியையும் தூக்கிக்கொண்டு நாற்பது படி ஏறுவார். ஒரு நாள் காலையில் சங்கிலி மட்டும் இருந்தது. அடுத்த மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டார். எட்டுக்கு ஐந்தடியில் வண்டிகளுக்கு ஒரு கூரை போட்டிருந்தால் போதும்; அப்போது அது எந்த வரைபடத்திலும் இல்லை.

ஆகவே அறுபது வேண்டாம், இருபத்துநான்கில் தொடங்குங்கள் என்பேன். மானியம் கிடைத்தால் பள்ளம் 72 லட்சம், கிடைக்காவிட்டால் 1 கோடியே 32 லட்சம். நாற்பது லட்சத்தோடு தொடங்கும் அறக்கட்டளைக்குத் தொலைவுதான், ஆனால் நன்கொடையாளர்களின் முன் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய எண். இடம் மீதி இருக்கிறது, அது எங்கும் ஓடிவிடாது. இருபத்துநான்கு குடும்பத்தையும் முன்பே தேர்ந்தெடுத்து, அவர்களை உட்கார வைத்து வரைபடம் போடுங்கள். தண்ணீர் மோட்டார்க் கரண்ட் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்பதைக் குடியேறும் முன்பே பேசி முடியுங்கள். பெரும்பாலான சங்கங்கள் உடைவது அதில்தான்.

ரியல் எஸ்டேட் சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்றால், தொண்டு நிறுவனமானாலும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும். வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வெறும் வாடகைக்கு விட்டால் இது வராது. நீண்டகாலக் குத்தகை இதில் எந்தப் பக்கம் விழும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். வீடு விற்று வரும் பணம் உங்கள் வரிவிலக்கைப் பாதிக்குமா என்பதைப் பட்டயக் கணக்காளரிடம் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தில் ஏழைகளுக்கு நிவாரணம் ஒரு வகை, பொதுப் பயன்பாடு வேறு வகை, இரண்டாவதில் வணிக வரவுக்கு 20 விழுக்காடு வரம்பு உண்டு என்ற அளவுக்குத்தான் நான் சொல்லலாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது மூன்று நாள் வேலை. தானப் பத்திரத்தின் நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்குங்கள். 'எதற்காக' என்ற அந்த வரியைப் பெயர்களை நீக்கிவிட்டு அப்படியே இங்கே பதியுங்கள், மேற்கொண்டு பேசலாம். புலப்படமும் பழைய அ-பதிவேட்டுப் பக்கமும் வாங்குங்கள். பிறகு அந்த ஊரில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர் யாராவது உயிரோடிருக்கிறாரா என்று டீக்கடையில் கேட்டு, அவரை நிலத்துக்குக் கூட்டிப்போய், எதுவும் சொல்லாமல் கொஞ்சம் நடக்கவிட்டுப் பாருங்கள்.